புகார் வராத தெரு

கரண்ட் போனால் நம் ஆட்கள் முதலில் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கேயும் இருட்டு என்றால் ஒரு சின்ன நிம்மதி. சரி, ஊருக்கே வந்த கஷ்டம் என்று விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். நமக்கு மட்டும் போயிருந்தால்தான் வயிறு எரியும்.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் கோகிலவாணியும் அதைத்தான் செய்தாள். கேட்டைத் திறந்து வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். ஐஸ்வர்யா நகர் மூன்றாவது தெரு மட்டும் மங்கிக் கிடந்தது. இரண்டாவது தெருவில் பால்கனி விளக்குகள் ஜம்மென்று எரிந்தன. நாலாவது தெருவிலிருந்து யார் வீட்டு டிவியோ அலறியது. நேற்றும் இப்படித்தான். அதற்கு முந்தின நாளும் இப்படித்தான்.

வேறு யாராவது என்றால் நாலு திட்டு திட்டிவிட்டு உள்ளே போயிருப்பார்கள். கோகிலவாணியால் அப்படிப் போக முடியவில்லை. அவள் மேற்கு மின் சமன் மையத்தில் பொறியாளர். பற்றாக்குறை வந்தால் எந்தத் தெருவில் கரண்டை எடுப்பது என்பதற்கு விதி எழுதிய குழுவில் அவளும் ஒருத்தி. இந்த விதியில் யாரும் தில்லுமுல்லு பண்ண முடியாது என்று மைக் பிடித்துச் சொன்னவளும் அவள்தான்.

உள்ளே ஆக்சிஜன் மெஷின் பேட்டரிக்கு மாறி, கீச்சென்று ஒரு குரல் கொடுத்தது.

“கோகிலா, நமக்கு மட்டுந்தானா?” என்று அவள் கணவர் திருமூர்த்தி கேட்டார்.

“ஆமாங்க. ரெண்டாவது தெருவுல எரியுது.”

“உன்ற ஆபீஸ் தராசு மெஷினு நம்மள நிறுத்துப் பாத்துட்டு, இவங்க ஒண்ணுக்கும் ஆக மாட்டாங்கன்னு முடிவு பண்ணிருச்சாட்ட இருக்குது.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. வாலிபம் முழுக்க பவுண்டரியில் வார்ப்பட மணலோடு கழித்த மனுஷன். அந்தத் தூசி அத்தனையும் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இப்போது வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. மூக்கில் குழாயும் பக்கத்தில் மெஷினும் இல்லாமல் ஒரு வேளைச் சோற்றை அவரால் முழுதாகச் சாப்பிட முடியாது.

மெஷினின் பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். எந்தத் தெருவிலும் ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் கரண்டை எடுக்கக் கூடாது என்பதும் விதி. தாளில் இரண்டும் அழகாகப் பொருந்தின. ஆனால் கரண்ட் திரும்பி வந்து, பேட்டரி கால்வாசி ஏறுவதற்குள் மறுபடி போனால் என்ன ஆகும் என்று குழுவில் யாரும் யோசிக்கவில்லை. இந்த வாரம் தினமும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது முறை போனதும் கோகிலவாணி சுசாந்துக்குப் போன் போட்டாள். ஒடிசாக்காரன். மருத்துவ ஆக்சிஜன் விற்கிற கடையில் சிலிண்டர் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. திருமூர்த்தி முன்பு வேலை பார்த்த பவுண்டரிக்குப் பின்னால், வரிசையாக ஒட்டிக் கட்டியிருக்கும் லைன் வீடுகளில் பெண்டாட்டி பிள்ளையோடு குடியிருந்தான். போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் பைக்கில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

“அண்ணா, மெதுவா. மெதுவா இழுங்க,” என்று குழாயை மாற்றி மாட்டினான். திருமூர்த்தியின் உதட்டில் நிறம் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தான்.

“பாப்பா எப்படி இருக்குது சுசாந்த்?”

“பாப்பாக்கும் வீசிங் அக்கா. டாக்டர் புகை மருந்து மெஷின் குடுத்திருக்கு. இப்ப பரவால்ல.” கிளம்பும்போது வாசலில் நின்று, “கடைக்குப் போடாதீங்க அக்கா. அங்க எடுக்க லேட் ஆகும். எனக்கே போடுங்க,” என்றான்.

அவனை அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்தால் அதற்குள் ஏழெட்டு அழைப்புகள். எல்லாம் அந்தத் தெருக்காரர்கள்தான். மாடி வீட்டு சரோஜினி மட்டும் மூன்று முறை போட்டிருந்தாள். கோகிலவாணி ஒவ்வொருவரையும் திருப்பிக் கூப்பிட்டு, வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னாள். அந்தத் தெருவில் அவளுக்கு ‘கரண்டாபீஸ் அக்கா’ என்றுதான் பெயர். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு அவள் மனதில் வேறு ஒரு பெயர் ஓடிக்கொண்டிருந்தது. தேவசகாயம்.

தேவசகாயம் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். மையத்தில் சாயந்திரப் பணிக்குப் பொறுப்பு அவருடையது. விதி எழுதிய குழுவில் அவரும் இருந்தார். முதல் கூட்டத்திலிருந்து கடைசிக் கூட்டம் வரைக்கும் அவளோடு மல்லுக்கட்டினார்.

“ஒரு கம்பி அறுந்தா இன்னொண்ணு தாங்கணும் மேடம். ஒரு மின்நிலையம் நின்னா இன்னொண்ணு கை குடுக்கணும். நம்ம பழைய விதி அவ்வளவுதான். அதுல என்ன குறையக் கண்டீய?” என்று அப்போது கேட்டார்.

“அந்த இன்னொண்ணு வருஷம் முழுக்கச் சும்மா நிக்குதே சார். சும்மா நிக்கறதுக்காகக் காட்டை வெட்டிக் கோபுரம் நட்டுட்டு இருக்கறோம். பொழுதோட வெயில் இறங்குனதும் சோலார் படுத்துருது. அதே நேரத்துலதான் எல்லாரும் வீட்டுக்கு வந்து ஏசியப் போடறாங்க, வண்டிய சார்ஜ் போடறாங்க. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டுந்தான் இழுபறி. அப்ப யாருக்கு வலிக்காதோ அவங்ககிட்டக் கொஞ்சம் எடுத்துக்கிட்டாப் போதும்.”

“யாருக்கு வலிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வலிச்சா சொல்லுவாங்க. புகார் எண் எதுக்கு இருக்குது? கரண்ட்ட எடுத்ததும் எத்தனை புகார் வருது, எவ்வளவு சீக்கிரம் வருது, குரல்ல எவ்வளவு பதட்டம், இதையெல்லாம் இயந்திரமே கேட்டுக் கத்துக்கும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வலி எண் போடும். எண் கூடுன தெருவ அது தொடாது.”

அந்த இயந்திரத்துக்குத்தான் தராசு என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார் இவற்றைத் தவிர மற்ற எல்லாம் தராசின் பொறுப்பு. வீட்டில் நோயாளி இருக்கிறவர்களின் பெயரையாவது கையால் எழுதி வைக்கலாமே என்று ஒருவர் கேட்டபோது கோகிலவாணி கண்டிப்பாக மறுத்துவிட்டாள். பேர் எழுத ஆரம்பித்தால் முதல் வாரமே அமைச்சர் வீட்டில் எல்லாருக்கும் ஆஸ்துமா வந்துவிடும் என்றாள். கூட்டமே சிரித்தது. அப்போது திருமூர்த்திக்கு வெறும் இருமல் மட்டும்தான் இருந்தது.

தேவசகாயம் விடாப்பிடியாக நின்று ஒரே ஒரு பிரிவை மட்டும் உள்ளே நுழைத்தார். கைமாற்று. பணியில் இருக்கும் அதிகாரி, தராசு தேர்ந்த தெருவை விடுவித்து, அதற்குப் பதில் இன்னொரு தெருவைப் போடலாம். ஆனால் தன் பெயரைப் போட்டுச் செய்ய வேண்டும், மறுநாள் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் அதை எதிர்த்துத் தோற்றாள். பதிலுக்கு அவளும் ஒரு பிரிவைச் சேர்த்தாள். எந்த அதிகாரியும் தன் சொந்தத் தெருவின் வலி எண்ணைப் பார்க்கக் கூடாது. சிபாரிசு புகுந்து வர ஒரு பொந்துகூட இருக்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

இப்போது அந்தப் பிரிவே அவள் கண்ணைக் கட்டியிருந்தது. தன் தெருவுக்கு என்ன எண் என்று அவளால் பார்க்க முடியாது. அதைப் பார்க்க முடிந்தவர், கைமாற்றில் விரல் வைக்க முடிந்தவர், அவளிடம் தோற்ற ஆத்திரம் உள்ளவர் என்று மூன்றையும் கூட்டினால் ஒரே ஆள்தான் மிஞ்சினார்.

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் பிறகு பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சிதான். மறுநாள் மையத்தில் அவள் தேவசகாயத்தின் மேஜைப் பக்கம் போனபோது, அவர் சட்டென்று திரையை அணைத்தார். அதற்கடுத்த நாள் ஒரு கோப்பை வாங்குகிற சாக்கில் வேண்டுமென்றே போனாள். அன்றைக்கும் அணைத்தார். போதாததற்கு, அவள் தெருவில் கரண்ட் போன மறுநாளெல்லாம் மறக்காமல், “வீட்ல சார் சௌக்கியந்தானே?” என்று கேட்டார். முன்னெல்லாம் இப்படிக் கேட்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. செய்வதையும் செய்துவிட்டு அடி எப்படி விழுந்தது என்று விசாரிக்கிறாராக்கும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரக் கடைசியில் சிலிண்டர் வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. திருமூர்த்தியின் நகக்கண்கள் நீலம் பாரித்ததை அவள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். அவர் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடி அவளை உலுக்கிவிட்டது. இன்னொரு வாரம் இப்படிப் போனால் ஆள் தங்க மாட்டார் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் கேன்டீனில், டீ டம்ளரோடு தனியாக உட்கார்ந்திருந்த தேவசகாயத்தின் எதிரில் போய் நின்றாள்.

“நேராவே கேக்கறேன் சார். எங்க தெரு மேல பேர் போடாமக் கைமாற்றுப் போட்டீங்களா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நான் கை வைக்கல மேடம். இதுவரைக்கும் யாருமே வைக்கல.”

“அப்பறம் என்னையக் கண்டா எதுக்கு மானிட்டரை அணைக்கறீங்க?”

“உங்க தெரு வலி எண் அதுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வச்சீய?”

“என் தெருவ நீங்க எதுக்கு உக்காந்து பாக்கறீங்க?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, டீயைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். தப்புப் பண்ணாத மனுஷன் எதுக்கு முகத்தைத் திருப்ப வேண்டும்? கோகிலவாணிக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோய், இவர்தான் என்று முடிவே ஆகிவிட்டது. மேலிடத்தில் போய்ச் சொல்லலாம் என்றால் கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

அன்றைக்குச் சாயந்திரம் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவள் வண்டியை நிறுத்தவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. கையிலிருந்த போன் அடித்தது. எடுத்தால் சரோஜினி. நிமிர்ந்து பார்த்தால், அதே சரோஜினி மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு காதில் போனோடு நிற்கிறாள்.

“அக்கா, கரண்ட் போயிருச்சுங்க.”

“தெரியுது சரோஜினி. உன்ற கண்ணு முன்னாலதான நிக்கறேன்.”

“அட, ஆமாங்க,” என்று சிரித்தபடி அவள் போனை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். அதற்குள் எதிர்வீட்டுப் பெரியவரும் கேட்டருகே வந்துவிட்டார். மளிகைக் கடைக்காரரும் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார். எல்லார் கையிலும் போன்.

“யாரோ வேணும்னே பண்றாங்க,” என்றாள் கோகிலவாணி. வாய் தவறித்தான் சொன்னாள். “சரி, நீங்கெல்லாம் புகார் எண்ணுக்குப் போட்டீங்கல்ல? பொறவு பேச்சுன்னு வந்தா அதுவாவது ஒரு ஆதாரமா நிக்கும்.”

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அங்க எதுக்குங்க போடோணும்?” என்றார் பெரியவர். “அது மெஷினு. அதுகிட்டப் போயி ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னு எவன் மல்லுக்கட்டறது. நம்ம தெருவுலயே நீங்க இருக்கையில.”

“குடி வந்த அன்னிக்கு நீங்களேதானுங்க சொன்னீங்க, எதுன்னாலும் எனக்குப் போடுங்கன்னு. அதுலருந்து அந்த நம்பர் என்னன்னே எங்களுக்குத் தெரியாதுங்க,” என்றாள் சரோஜினி.

கோகிலவாணி வண்டியின் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தராசின் காதுக்கு இந்தத் தெருவிலிருந்து ஒரு சத்தம்கூடப் போகவில்லை. அத்தனை சத்தமும் அவள் போனிலேயே வந்து முடிந்துவிட்டது. இயந்திரம் எடுத்துப் பார்த்தது, யாரும் முனகவில்லை, வலி எண் பூச்சியம். மறுபடி எடுத்துப் பார்த்தது, பூச்சியம். அப்படியானால் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணிவிட்டது. அவளும் ஒரு நாள்கூட அந்தப் புகார் எண்ணை அழுத்தியதில்லை. விதி எழுதினவளே புகார் சொன்னால் சிரிப்பார்களே என்கிற கௌரவம். வேலியைச் சுற்றிச் சுற்றித் திருடனைத் தேடியவளுக்குத் தன் வீட்டு வாசல் கண்ணில் படவில்லை.

“இனிமே எனக்குப் போடாதீங்க,” என்றாள். “அந்த நம்பருக்கே போடுங்க. ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் போடுங்க. நல்லாக் கத்திப் பேசுங்க.”

கத்தச் சொன்னால் நம் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்? பெரியவர் அந்த இயந்திரத்திடம் தன் மூட்டுவலி முதல் மகன் கல்யாணம் வரைக்கும் சொன்னார். சரோஜினி அழுதே காட்டினாள். சில நாளில் மூன்றாவது தெருவில் கரண்ட் போவது நின்றது. ஒரு வாரம் பார்த்தாள், போகவே இல்லை. பேட்டரி முழுதாக ஏறியது. திருமூர்த்தி இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு மூன்றாவது கேட்டார். அவள் அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதுவிட்டு அதைச் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பழி போட்ட மனுஷனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்த சாயந்திரப் பணியில் தேவசகாயத்தின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“தப்பா நினைச்சுட்டேன் சார். எங்க ஆளுங்க யாருமே புகார் பண்ணாம இருந்திருக்கறாங்க. எல்லாம் என்னாலதான்.”

தேவசகாயம் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “மன்னிப்பெல்லாம் கேக்காதீய மேடம். நீங்க நினைச்சது முழுசாத் தப்பும் இல்ல.”

“என்ன சொல்றீங்க?”

“போன கோடையில எங்க தெருவுலதான் போய்க்கிட்டு இருந்துச்சு. எனக்கும் அதே கதைதான். தெருவுல எவன் வீட்ல பல்பு போனாலும் எனக்குத்தான் போன் வரும். காரணம் பிடிபட்டதும் எல்லாரையும் புகார் போடச் சொன்னேன். எங்க தெருவுல நின்னுபோச்சு. நின்னா சரின்னு விட்டுட்டேன். அங்க எடுக்காதது வேற எங்கயாவது போய்த்தானே ஆகணும்? அத நான் பாக்கல. பாத்தப்ப உங்க தெருவுல இருந்துச்சு.”

“தெரிஞ்சும் சொல்லலையா?”

“சொன்னா நீங்களும் புகார் போடச் சொல்லுவீய. அது மறுபடி எங்க தெருவுக்கே வந்துருமோன்னு பயம். வீட்ல பேரன் பொறந்திருக்கான்.” அவர் குரல் இறங்கியது. “அதான் தினமும் உங்க வீட்டுச் சாரைப் பத்திக் கேட்டேன். கேக்காம இருக்க முடியல.”

அவள் அவரைப் பார்த்தாள். அடிக்கவும் தோன்றியது, அந்த ஆளுடைய கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

“இப்ப அது எங்க போயிருக்குது சார்?”

“பாக்காதீய மேடம். நான் பாத்துட்டுப் பட்ட பாடு போதும்.”

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சுவர்த் திரையில் சோலார்க் கோடு சரிய, ஊரின் தேவைக் கோடு ஏறிற்று. தராசு எங்கேயோ ஒரு தெருவைத் தேர்ந்து எடுத்தது. அந்த நேரத்தில் அவள் கைப்பையில் போன் அடித்தது.

“அக்கா, வேலைல இருக்கீங்களா?” சுசாந்தின் குரல். “எங்க லைன்ல கரண்ட் போச்சு. நேத்தும் ரெண்டு தடவை போச்சு. பாப்பாக்கு மூச்சு ரொம்ப இழுக்குது. புகை மருந்து மெஷின் ஓடல. ஆட்டோ சொல்லியிருக்கு, இன்னும் வரல.”

“புகார் எண்ணுக்குப் போட்டீங்களா?” அதைக் கேட்டபோது தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோபோல் இருந்தது.

“போட்டோம் அக்கா. லைன்ல எல்லாரும் போட்டோம். நாங்க பேசறது அந்த மெஷினுக்குப் புரியல. ‘மன்னிக்கவும், புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்’ சொல்லுது. மூணு தடவை சொல்லிட்டு வச்சிருது.”

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவன் பிசிறில்லாத தமிழில் சொன்னான். அத்தனை தடவை கேட்டிருக்கிறான். பின்னால் குழந்தை மூச்சுக்கு இழுக்கிற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. திருமூர்த்தியோடு வாழ்கிறவளுக்கு அந்த இழுப்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“வைக்காத சுசாந்த். அப்படியே இரு.”

தேவசகாயம் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். பவுண்டரிப் பின்புற லைன் வீடுகள். வலி எண் பூச்சியம்.

“புரியாத அழைப்பெல்லாம் கணக்குல ஏறாது. நம்ம விதிப்படி அங்க யாருக்கும் வலிக்கல மேடம்.”

“கைமாற்றைத் திறங்க.”

அவர் திறந்தார். விடுவிக்கும் இடம், எடுக்கும் இடம், அதிகாரி பெயர். விதி வந்த நாளிலிருந்து யாரும் நிரப்பாத மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் அவள் லைன் வீடுகளைப் போட்டாள்.

“பதிலுக்கு எதப் போடப் போறீய?”

அவள் பதில் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்தாள். எங்க தெருவப் போடுங்க என்று அந்த வாயிலிருந்து வருமா என்று ஒரு கணம் காத்திருந்தாள். அவர் நாற்காலிக் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். வரவில்லை. பேரன் இருக்கிற வீடு. அவரைக் குற்றம் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை.

மேஜைப் போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினாள். “ஏங்க, பேட்டரி எவ்வளவு இருக்குது?”

“முழுசா இருக்குது. ஏன் கேக்கறே?”

“நம்ம தெருவுல கரண்ட் போகப்போகுது. அரை மணி நேரம். நாந்தான் எடுக்கறேன்.” அந்தப் பக்கம் மெஷின் மட்டும் சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. “சுசாந்து பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. அவங்க லைனுக்குக் குடுக்கோணும். பெறகு மறுபடி போச்சுன்னா, சிலிண்டர் கொண்டுவரக்கூட இன்னிக்கு அவன் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல என்ன யோசிக்கறது? எடு.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு அவர் தொடர்ந்தார். “கரண்ட் போறதுக்கு முன்னால ஒரு ஆளு போனு பண்ணிச் சொல்லி, என்ற ஆயுசுல இன்னிக்குத்தான் கேக்கறேன்.”

இரண்டாவது கட்டத்தில் ஐஸ்வர்யா நகர் மூன்றாவது தெரு என்று போட்டாள். மூன்றாவதில் தன் பெயரை முழுதாகப் போட்டு அழுத்தினாள். யார் கையும் படக் கூடாது என்று சண்டை பிடித்த விதியில் முதலில் பட்ட கை அவளுடையதாகவே போயிற்று.

“வந்துருச்சு அக்கா,” என்றான் சுசாந்த். பின்னால் புகை மருந்து மெஷின் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. அழ மூச்சு இருக்கிறது என்று அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

“ஆட்டோ வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு,” என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. சரோஜினி.

“அக்கா, கரண்ட் போயிருச்சுங்க. நாங்க எல்லாரும் நீங்க சொன்னாப்பல அந்த நம்பருக்குத்தானுங்க போட்டுட்டு இருக்கறோம். அப்படியும் போயிருச்சு. அன்னிக்கு நீங்க சொன்னது நெசந்தானுங்க்கா, யாரோ வேணும்னேதான் பண்றாங்க. அது யாருன்னு கண்டுபுடிக்கோணும்ங்க.”

“வேணும்னேதான் பண்ணுனது சரோஜினி. நாந்தான் எடுத்தேன்.”

அந்தப் பக்கம், யாரு, யாரு என்று பெரியவர் அவளை விசாரிப்பது கேட்டது. தேவசகாயம் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

“எதுக்குங்க்கா?” என்றாள் சரோஜினி கடைசியில். கோபமாகக் கேட்டாளா, நம்பாமல் கேட்டாளா என்று தெரியவில்லை.

புகார் எண்ணுக்கு வந்த அத்தனை அழைப்புகளிலும் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லைன் வீட்டிலிருந்து தொடங்கிச் சொல்ல ஆரம்பித்தாள்.